கங்காணிச் சுரப்பி

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. 1971இல் தானா ராத்தாவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பாட்டியும் அவருடைய தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவர் தோளும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கிறது. அது பொய். பாட்டி நிற்பது இரண்டு செங்கல் மேல். புடவைக் கொசுவம் தரையைத் தொட்டு அதை மறைத்துவிட்டது.

"படம் புடிக்கிறவன் எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, இதுல அக்கா யாருன்னு கேட்டான்யா. அப்புறம் அவனே பின்னாடி போயி ரெண்டு செங்கல்லு தூக்கியாந்து போட்டான்," என்று பாட்டி இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பாட்டி 1941இல் பிறந்தவர். நாலடி ஏழு அங்குலம். சின்னப் பாட்டி 1954. ஐந்தடி இரண்டு. ஒரே அப்பா, ஒரே அம்மா. கேமரன் மலையில் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயம். ஏன் இப்படி என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். பாட்டியிடம் பதில் தயாராக இருந்தது. "நம்ம ரத்தமே குட்ட ரத்தம்தான்யா. அவதான் எப்படியோ தப்பிச்சிட்டா."

இந்த ரத்தக் கணக்கை நான் வெகுநாள் நம்பினேன். பள்ளியில் வரிசையில் முதல் ஆளாக நிற்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். தோட்டத்துப் பிள்ளைகள் என்றாலே குட்டை, மெலிசு என்று டவுன்காரர்கள் சாதாரணமாகச் சொல்வதையும் கேட்டு வளர்ந்தேன். ஒரு மனிதன் எவ்வளவு வளரவேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு அறிவியல் பதில் தேடிய வரலாறு ஏறக்குறைய நூறு ஆண்டு நீளமுள்ளது. அதைப் படிக்கப் படிக்க, எங்கள் தோட்டத்தின் வரலாற்றையும் சேர்த்தே படிப்பதுபோல இருந்தது.

*

தோட்டத்தில் யார் யாருக்கு மேலே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885இல் இங்கே நில அளவைக்கு வந்தவர். அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் மலை கிட்டத்தட்ட அப்படியே கிடந்தது. 1920களில்தான் தாப்பாவிலிருந்து மேலே சாலை போடும் வேலை சூடுபிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டவும், சரிவில் செடி நடவும், கொழுந்து எடுக்கவும் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இலேயே முடிவுக்கு வந்துவிட்டது. அதனால் இவர்கள் கங்காணி வழியாகவோ, ஏற்கெனவே வந்த உறவுக்காரர் வழியாகவோ வந்தவர்கள்.

மலை உச்சியில் துரை பங்களா. அதற்குக் கீழே ஆபீஸ், கிராணி. அதற்கும் கீழே கங்காணி. எல்லாவற்றுக்கும் அடியில் லயம். விடியும் முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது கங்காணி. யாருக்கு எந்த மலை, யாருக்கு அரைநாள் சம்பளம் என்று சொல்வதும் அவர்தான். லயத்திலிருந்து பார்த்தால் உலகத்தையே நடத்துவது கங்காணி என்றுதான் தோன்றும். துரையைப் பலர் மாதத்தில் ஒருமுறை தூரத்தில் பார்த்திருந்தால் உண்டு.

மனித உடலை ஆராய்ந்தவர்களும் இதே தப்பைத்தான் செய்தார்கள்.

*

மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில், எலும்பில் குழிந்த ஒரு சின்ன இருக்கையில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. பிட்யூட்டரி. தமிழில் இதைக் கபச் சுரப்பி என்றும் எழுதுகிறார்கள். அந்தப் பெயரே ஒரு பழைய தவறின் மிச்சம். மூளையிலிருந்து சளி இதன் வழியாகத்தான் மூக்குக்கு இறங்குகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் நம்பினார்கள். லத்தீனில் சளிக்கு உள்ள சொல்லிலிருந்து பிட்யூட்டரி வந்தது. நாம் அதை அப்படியே கபம் என்று மொழிபெயர்த்துக்கொண்டோம்.

1886இல் பாரிஸில் பியேர் மாரி என்ற மருத்துவர், கை, கால், தாடை எல்லாம் பெரியவர்களான பிறகும் பருத்துக்கொண்டே போகும் ஒரு நோயை விவரித்தார். அக்ரோமெகாலி. அப்படிப்பட்டவர்கள் பலருக்குப் பிட்யூட்டரியில் கட்டி இருந்தது. 1921இல் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸும் ஜோசப் லாங்கும் மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை எலிகளுக்கு ஊசி போட்டார்கள். எலிகள் ராட்சத எலிகளாயின. 1940களின் நடுவில் எவன்ஸும் சோ ஹாவ் லீயும் அந்தச் சாற்றிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். வளர்ச்சி மட்டுமல்ல, தைராய்டு, பால் சுரப்பு, மாதவிலக்கு என்று எதைத் தொட்டாலும் பிட்யூட்டரி கையில்தான் சாவி இருந்தது. 'தலைமைச் சுரப்பி' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். இன்றும் சில பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

இந்தப் பட்டத்தைச் சந்தேகப்பட்டவர்களில் முக்கியமானவர் ஜெஃப்ரி ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர். பிட்யூட்டரிக்கு மேலே மூளையில் ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. பசி, தாகம், உடல் சூடு, பயம், தூக்கம் எல்லாம் வந்து சேருகிற இடம். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய காம்பு. அந்தக் காம்பில் பொடிப்பொடியான ரத்தக்குழாய்கள். ரத்தம் மேலிருந்து கீழே, ஹைபோதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்குத்தான் போகிறது என்றார் ஹாரிஸ். விலங்குகளில் அந்தக் குழாய்களை வெட்டி, மறுபடி ஒட்டாமல் நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் பிட்யூட்டரி சோர்ந்துபோயிற்று. குழாய்கள் மறுபடி வளர்ந்து சேர்ந்தால் அதற்கு உயிர் வந்தது. 1952இல் டோரா யாக்கப்சனும் அவரும் பிட்யூட்டரியையே பிடுங்கி மூளையின் வேறொரு பகுதிக்கு அடியில் நட்டுப் பார்த்தார்கள். அது வேலை செய்யவில்லை. ஹைபோதலாமஸுக்கு அடியில் நட்டபோது செய்தது.

ஆக, பிட்யூட்டரி துரை இல்லை. கங்காணி. சத்தம் போடுவது அதுதான், ஆனால் உத்தரவு மேலே பங்களாவிலிருந்து வருகிறது.

*

உத்தரவு என்றால் என்ன? ஏதோ ஒரு ரசாயனம் அந்தக் குழாயில் இறங்கவேண்டும். அதைக் கையில் பிடிக்க இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஜென்மப் பகையோடு போட்டி போட்டன. ஒரு பக்கம் பிரான்சிலிருந்து அமெரிக்கா போன ரோஜர் கியமன். இன்னொரு பக்கம் போலந்தில் பிறந்த ஆண்ட்ரூ ஷாலி. ஒரே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேலை பார்த்துப் பிரிந்தவர்கள். ஹைபோதலாமஸில் இந்த ரசாயனங்கள் இருக்கும் அளவு மிகமிகச் சொற்பம். கியமன் இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கான ஆட்டு மூளைகளை வாங்கினார். ஷாலி பன்றி மூளைகள். டன் கணக்கில் அரைத்து, கடைசியில் ஒரு சிட்டிகையைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

வளர்ச்சி ஹார்மோனை 'வெளியே விடு' என்று சொல்லும் தூதைத்தான் எல்லோரும் தேடினார்கள். 1973இல் கியமன் ஆய்வுக்கூடத்தில் பால் பிரசோவும் மற்றவர்களும் கண்டுபிடித்தது அதற்கு நேர் எதிரானதை. 14 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி. அது பட்டவுடன் பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனை விடுவதை நிறுத்தியது. சோமடோஸ்டாடின் என்று பெயர் வைத்தார்கள். 1977இல் கியமனுக்கும் ஷாலிக்கும் நோபல் பரிசின் ஒரு பாதி, மறு பாதி ரத்தத்தில் மிக நுண்ணிய அளவு ஹார்மோனையும் அளக்க வழி கண்ட ரோசலின் யாலோவுக்கு.

'விடு' என்ற தூது கிடைக்க 1982 ஆயிற்று. அதுவும் மூளையிலிருந்து கிடைக்கவில்லை. அபூர்வமாகச் சிலருக்குப் பிட்யூட்டரியில் எந்தக் கட்டியும் இல்லாமலே அக்ரோமெகாலி வந்திருந்தது. அவர்களுடைய கணையத்தில் கட்டி. அந்தக் கட்டி, ஹைபோதலாமஸின் உத்தரவைப் போலவே ஒன்றைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்தது. கள்ளக் கையெழுத்துப் போட்ட கடிதம் மாதிரி. லியோனில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து கியமன் குழுவும், வர்ஜீனியாவில் இன்னொரு நோயாளியின் கட்டியிலிருந்து வைலி வேலும் ழான் ரிவியேவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஜி.ஹெச்.ஆர்.ஹெச் என்று இப்போது சொல்கிறோம்.

ஆக மேலிருந்து இரண்டு தூதுகள். ஒன்று 'விடு', ஒன்று 'நிறுத்து'. இரண்டும் மாறிமாறி வருவதால் வளர்ச்சி ஹார்மோன் குழாய்த் தண்ணீர்போல ஒரே சீராக ஓடுவதில்லை. ஒரு நாளைக்குப் பல தடவை அலையாக எழுந்து அடங்குகிறது. பெரிய அலை எப்போது வரும் என்பது 1968இல் தெரிந்தது. இரவு தூங்கி முதல் ஒன்றிரண்டு மணிநேரத்தில், ஆழ்ந்த தூக்கத்தில். "மொதத் தூக்கத்துல புள்ளய எழுப்பக் கூடாது" என்று பாட்டி என் அம்மாவைத் திட்டுவார். எங்கிருந்து கற்றார் என்று கேட்டால், தோட்டத்து ஆயாக்கொட்டகையில் என்பார்.

*

இதுவரை வந்தது கங்காணியும் துரையும். துரைக்கு யார் உத்தரவு போடுவது?

இந்த இடத்தில்தான் கதை உடலை விட்டு வெளியே வருகிறது.

1948. போரில் தோற்ற ஜெர்மனியில் எல்ஸி விடோசன் என்ற ஆங்கிலேய ஊட்டச்சத்து ஆய்வாளர் இரண்டு அனாதை இல்லங்களின் பிள்ளைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டிருந்தார். இரண்டிலும் ஒரே ரேஷன். ஆறு மாதம் கழித்து ஒரு இல்லத்துக்கு மட்டும் கூடுதல் ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் அதிகம் வளரவேண்டும் இல்லையா? வளரவில்லை. கூடுதல் சாப்பாடு இல்லாத இல்லத்துப் பிள்ளைகள்தான் முந்தினார்கள். காரணம் தேடியபோது ஒரு மேற்பார்வையாளப் பெண்மணி கிடைத்தார். சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும் பிள்ளைகளை நிற்கவைத்துத் திட்டுகிறவர். கூடுதல் உணவு தொடங்கிய அதே சமயத்தில், தற்செயலாக, அவரை அந்த இல்லத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவரோடு வந்த அவருடைய செல்லப் பிள்ளைகள் சிலர் மட்டும் நன்றாக வளர்ந்தார்கள். விடோசன் இதை 1951இல் லான்செட் இதழில் எழுதினார்.

பயந்த பிள்ளை வளராது என்பதற்கு உடலுக்குள் என்ன காரணம் என்று 1967இல் பால்டிமோரில் கொஞ்சம் தெரிந்தது. வளர்ச்சி நின்றுபோன 13 பிள்ளைகள். சோதித்தபோது பலருக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவு. ஊசி எதுவும் போடவில்லை. சச்சரவு நிறைந்த வீட்டிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். வளர ஆரம்பித்தார்கள். ஹார்மோனும் திரும்பி வந்தது. சுரப்பியில் கோளாறு எதுவும் இல்லை. மேலிருந்து உத்தரவு வரவில்லை, அதுதான் விஷயம்.

பயத்தில் இப்படி என்றால் பசியில்? பசித்த பிள்ளையின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் வற்றிப்போயிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். 1966இல் கேப் டவுனில் பிம்ஸ்டோனும் சகாக்களும் குவாஷியோர்கர் வந்த குழந்தைகளின் ரத்தத்தை அளந்தார்கள். கால் வீங்கி, முடி நிறம் மாறி, புரதம் இல்லாமல் வாடும் குழந்தைகள். அவர்களிடம் வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இல்லை. மிக அதிகமாக இருந்தது.

கங்காணி தொண்டை கிழியக் கத்துகிறான், வேலை நடக்கவில்லை. எப்படி?

வளர்ச்சி ஹார்மோன் தானே நேராகப் போய் எல்லா எலும்பையும் நீட்டுவதில்லை. பெரும்பகுதி வேலை கல்லீரல் வழியாக நடக்கிறது. ஹார்மோனின் செய்தி கிடைத்ததும் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருளைத் தயாரிக்கிறது. எலும்பு நுனியில் இருக்கும் குருத்தெலும்பை வளர வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அதே பொருள் ரத்தத்தோடு மேலே போய், 'கிடைத்தது, போதும்' என்று மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் பதில் சொல்கிறது. சாப்பாடு இல்லாதபோது கல்லீரல் செய்தியைக் காதில் வாங்குவதில்லை. ஸ்டோரில் சாமான் இல்லாமல் என்ன வீடு கட்டுவது? ஐ.ஜி.எஃப்-1 குறைகிறது. பதில் வராததால் மேலே இருப்பவர்கள் இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். அந்த ஹார்மோன் வீணும் போவதில்லை. உடம்பில் மிச்சமிருக்கும் கொழுப்பைக் கரைத்து அன்றாடம் உயிர் ஓட உதவுகிறது. 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற ஹார்மோனை இரைப்பையில் கண்டுபிடித்தார்கள். வயிறு காலியானால் அது சுரந்து, பசியையும் வளர்ச்சி ஹார்மோனையும் சேர்த்தே தூண்டுகிறது. காலி வயிறு நேரடியாகவே மூளையிடம் பேசுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், பசித்த குழந்தையின் உடல் ஒரு கணக்குப் போடுகிறது. வளர்வதா, உயிரோடு இருப்பதா? உயிரோடு இரு, வளர்வதை அப்புறம் பார்க்கலாம். இரண்டு வயதுக்குள் இது நீண்டுவிட்டால், அந்த 'அப்புறம்' பெரும்பாலும் முழுசாகத் திரும்பி வருவதில்லை.

*

இனி பாட்டியின் பிறந்த தேதிக்கு வருகிறேன்.

பாட்டி பிறந்த 1941இல்தான் கிள்ளான் ரப்பர் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் வேலை நிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் கோரிக்கை. ராணுவம் வந்தது, சுட்டது, சிலர் செத்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு பத்தாண்டுக் கணக்கு இருந்தது. போ தோட்டம் தொடங்கிய மறுவருடம், 1930இல், ரப்பர் விலை சரிந்தது என்று மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் தென்னிந்தியத் தொழிலாளருக்கான அடிப்படை நாள்கூலியை ஆணுக்கு 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணுக்கு 40 காசிலிருந்து 32 காசாகவும் வெட்டினார்கள். அதன்பிறகு கூலி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கொஞ்சம் ஏறியதை 1938இல் மறுபடி வெட்டியபோதுதான், தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து இங்கே அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது.

பிறகு ஜப்பானியர் வந்தார்கள். தன் அரிசித் தேவையில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த நாடு மலாயா. 1942 தொடக்கத்திலிருந்து 1945 ஆகஸ்டு வரை நாடு மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்தது. கிழங்கில் மாவுச்சத்து உண்டு, புரதம் கிட்டத்தட்டக் கிடையாது. பாட்டிக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகியிருக்கவில்லை. போர் முடிந்தபோது நாலு.

"ஜப்பான்காரன் காலத்துல எனக்கு வயிறு மட்டும் பானையாட்டம் இருக்குமாம். காலு குச்சி. எங்கம்மா சொல்லும். நான் பொழைக்கமாட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்களாம்."

சின்னப் பாட்டி பிறந்த 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அவசரகாலம் முடியவில்லை, வறுமையும் போகவில்லை. ஆனால் லயத்தில் சோறு இருந்தது. கடனுக்காவது பால் டின் வாங்க முடிந்தது.

ஒரு அக்கா தங்கையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கூடப்பிறந்தவர்களிடையே உயர வித்தியாசம் எல்லா ஊரிலும் உண்டு. பரம்பரைக்கும் நிச்சயம் பங்கு உண்டு. ஆனால் ஒரே ரத்தத்தில் பெரும் வித்தியாசம் வரமுடியும் என்பதை வேறொரு தேயிலை மலையில் எலிகளைக்கொண்டு ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். நீலகிரியின் குன்னூர். அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1920களில், ஒரே வம்சத்து எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவைக் கொடுத்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. பாலும் பருப்பும் சொற்பமாகி, அரிசியே பிரதானமான 'மதராஸி' உணவைத் தின்றவை கடைசி இடம். வடக்கத்தியர் வீர இனம், தெற்கத்தியர் சோப்ளாங்கி என்று ஆங்கிலேய ராணுவம் பிரித்துவைத்திருந்த காலம் அது. எலிகளுக்கு இனம் ஒன்றுதான். வித்தியாசம் தட்டில் இருந்தது.

*

இந்த வாதம் எலியோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். 'சிறியவர்கள், ஆனால் ஆரோக்கியமானவர்கள்.' உணவு குறைவான சூழலுக்கு உடல் தன்னைப் பொருத்திக்கொண்டு சின்னதாக வளர்கிறது, இதில் நோய் எதுவும் இல்லை, இவர்களை எல்லாம் ஊட்டச்சத்துக் குறைவுப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்பது அதன் சாரம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் பாட்டியே இதைச் சொல்வார். "நெட்டையா இருந்தா கொழுந்து எடுக்கக் குனியணும்யா. இடுப்பு போயிருக்கும். குட்டையா இருந்ததுதான் நல்லது." தேயிலைச் செடியை இடுப்பு உயரத்துக்கு வெட்டி நிறுத்துவார்கள். உடல் வேலைக்குத் தோதாகச் சின்னதாகிவிட்டது என்பதில் பாட்டிக்கு ஒரு பெருமைகூட உண்டு.

செக்லருக்குக் கடுமையாகப் பதில் சொன்னவர் சி. கோபாலன். 1918இல் சேலத்தில் பிறந்தவர். மெக்கரிசன் குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அது ஐதராபாத்துக்கு மாறி தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தபோது அதை நடத்தியவர். குவாஷியோர்கர் வந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். அவர் கேட்டதன் சாரம் இது: சிறியதாக இருப்பது ஆரோக்கியம் என்றால், அது ஏன் ஏழைக்கு மட்டும் ஆரோக்கியம்? பணக்காரர்கள் ஏன் தங்கள் பிள்ளைகளுக்கு அதை விரும்புவதில்லை? உடல் பொருத்திக்கொண்டது உண்மைதான், ஆனால் அதற்குக் கொடுத்த விலையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்றார். குட்டையான தாய்க்குப் பிரசவம் கஷ்டமாகிறது. எடை குறைந்த குழந்தை பிறக்கிறது. அது மறுபடி குட்டையாக வளர்கிறது. மூன்று தலைமுறை கழித்துப் பார்க்கிறவர்களுக்கு அது ரத்தம் மாதிரி, பரம்பரை மாதிரித் தெரிகிறது.

இங்கே நான் கொஞ்ச நேரம் நின்றேன். 'குட்ட ரத்தம்' என்று பாட்டி சொன்னது இதைத்தான்.

2006இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான புதிய வளர்ச்சி அளவுகோலை வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில், நல்ல உணவும் தாய்ப்பாலும் சுகாதாரமும் கிடைத்த குழந்தைகளை அளந்து தயாரித்தது. ஐந்து வயதுவரை அவர்களின் உயரம் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறவில்லை. டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோக் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வளர்ந்தார்கள். கோபாலன் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 2019இல், நூறு வயது கடந்து காலமானார்.

வளர்ச்சி ஹார்மோன் உண்மையிலேயே சுரக்காத குழந்தைகளும் இருக்கிறார்கள். அது அபூர்வம். 1958இல் மாரிஸ் ரேபன், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனால் ஒரு இளைஞனை வளர வைத்தார். அந்தச் சாறு வழியாகச் சிலருக்கு மூளையை அரிக்கும் கொடிய நோய் தொற்றியது 1985இல் தெரிந்ததும் அதை நிறுத்தி, ஆய்வுக்கூடத்தில் தயாரித்த ஹார்மோனுக்கு மாறினார்கள். இன்று அந்த ஊசி தேவைப்படுகிற குழந்தைக்கு அது வரம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளின் பழைய குட்டைக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை. அவர்களுடைய மூளை சரியாகத்தான் வேலை பார்த்தது, சுரப்பியும் சரியாகத்தான் சுரந்தது. செய்தி வந்து சேர்ந்த இடத்தில் சோறு இல்லை.

கங்காணி உவமையை இங்கே விட்டுவிட வேண்டும். உடம்பில் கல்லீரல் கீழிருந்து அனுப்பும் பதில் மேலே போய்ச் சேருகிறது. மூளை அதைக் கேட்டு உத்தரவை மாற்றிக்கொள்கிறது. தோட்டத்தில் கீழிருந்து மேலே போன பதிலுக்கு 1941இல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள்.

*

போன தீபாவளிக்குப் பாட்டியைப் பார்க்கப் போனபோது அவர் பிறந்த தோட்டத்துக்கும் கூட்டிப்போனேன். பழைய லயத்தில் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். சரிவில் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு மெஷினால் கொழுந்து வெட்டினார்கள். மெஷினுக்குக் குட்டை நெட்டை கிடையாது. லயத்து வாசலில் பிள்ளைகளைக் காணோம். வேலை பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. ஒரு நேப்பாளக்காரர் போனில் தன் மகள் படத்தைக் காட்டி, கையை இடுப்புக்கு மேலே உயர்த்தி "இவ்வளவு" என்றார். மூன்று வருடமாகப் பார்க்கவில்லையாம்.

பாட்டி அந்தக் கையின் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது காரில் நான் படித்ததை எல்லாம் சொன்னேன். மூளை, இரண்டு தூது, கல்லீரல், மரவள்ளிக்கிழங்கு. ரிங்லெட் தாண்டும்வரை பேசினேன். பாட்டி வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்ப நான் குட்டையாப் பொறக்கலயாய்யா?"

"இல்ல பாட்டி."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்கம்மாகிட்ட யாராச்சும் சொல்லியிருக்கலாம். அது என்னைப் பாக்குறப்பல்லாம் தன் வயித்தத்தான் திட்டும்," என்றார்.